வரிசையும் தளையும்

தஞ்சோங் ரம்புத்தான் என்னும் பெயரைக் கேட்டதும் மலேசியத் தமிழர் பலரது உதட்டில் ஒரு குறும்புச் சிரிப்பு அரும்புவதுண்டு. 1911ஆம் ஆண்டில் அங்கே எழுந்த மனநோய் மருத்துவமனைதான் அதற்குக் காரணம். மகிழ்ச்சி எனப் பொருள்படும் 'பஹாகியா' என்னும் சொல்லை இன்று அது தன் பெயரில் தாங்கி நிற்கிறது. ஆயினும், முரண்டு பிடிக்கும் பிள்ளையை "உன்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பவேண்டும்" என்று கடிந்துகொள்ளும் தாய்மாரின் வழக்கம் எளிதில் மறைந்துவிடவில்லை. ஊருக்கு வாய்த்த பெயர் அப்படி. உண்மையில் அது கிந்தா ஆற்றை ஒட்டி, கிழக்கே நடுமலைத்தொடரின் நீல விளிம்பைப் பார்த்துக்கொண்டிருக்கும் அமைதியான சிற்றூர். ஈப்போவின் இரைச்சல் அங்கே எட்டுவதில்லை.

அவ்வூரில் ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி ஒருவர் வாழ்ந்து வருகிறார். அகவை எண்பத்தைந்து. பால்மரத் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்குமேல் செக்ரோல் எழுதிய கை அவருடையது. விடியற்காலைப் பெரட்டில் யார் வந்தார், யார் வரவில்லை, எந்த நிரையில் யார் பால் வெட்டினார், எத்தனை இராத்தல் பால் வந்தது, ஒட்டுப்பால் எவ்வளவு, மழைமானியில் நின்ற நீர் எத்தனை அங்குலம் என்று நாள்தோறும் குறித்துக் குறித்துப் பழகியவர். வராத ஆளுக்கு வந்ததாகப் பேர் போட்டுக் கூலியைத் தின்ற கிராணிமாரும் அக்காலத்தில் இல்லாமலில்லை. இவர் அந்த வகையைச் சேர்ந்தவர் அல்லர். கண்ணால் காணாததை ஏட்டில் ஏற்றுவதில்லை என்பது இவருடைய நோன்பு.

தோட்டம் விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. செக்ரோல் போயிற்று, எழுதும் பழக்கம் போகவில்லை. இரவு உணவுக்குப்பின் ஒரு பக்கம் எழுதாமல் அவர் படுத்ததில்லை. மழை, வெயில், அரிசி விலை, திருமணம், சாவு, வந்துபோன உறவினர், ஊரில் நடந்த சண்டை, வீட்டு மாமரம் பூத்த நாள் ஆகிய எல்லாம் அதில் உண்டு. ஆண்டுக்கு ஒரு தடித்த குறிப்பேடாக முப்பத்தெட்டு ஏடுகள் அவரது மர அலமாரியில் அடுக்கப்பட்டுள்ளன. கறையான் தொடாதிருக்க அவற்றிடையே வேப்பிலை வைப்பது பாட்டியின் பொறுப்பாக இருந்தது. அவர் மறைந்தபின் பேத்தியின் பொறுப்பாயிற்று.

அந்தப் பேத்தி பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு மாணவி. தரவு அகழ்வு என்னும் துறையில் பயில்கிறாள். கிந்தாப் பள்ளத்தாக்கில் பிறந்தவர்க்கு அகழ்வு என்பதை விளக்கவேண்டிய தேவையில்லை. 1985ஆம் ஆண்டில் ஈய விலை சரிந்து சுரங்கங்கள் வரிசையாக மூடப்படும்வரை அந்த மண்ணின் உயிர்நாடியே அதுதான். ஆற்றுநீரில் முழங்கால் அளவு நின்று மரத்தட்டைச் சுழற்றி மணலைக் கழித்து ஈயமணிகளைத் தேக்கிய டூலாங் பெண்களை அறிந்த முதியோர் இன்னும் அங்கே இருக்கிறார்கள். மணலுக்குப் பதிலாகத் தரவு. தட்டுக்குப் பதிலாகக் கணினி. வேறுபாடு அவ்வளவே.

தன் ஆய்வேட்டுக்குத் தாத்தாவின் குறிப்பேடுகளைப் பேத்தி கேட்டாள். முதியவர் மகிழ்ந்து கொடுத்தார். முப்பத்தேழு ஏடுகளைக் கொடுத்தார். 1998ஆம் ஆண்டின் ஏட்டை மட்டும் எடுத்துத் தம் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டார். பேத்தி ஏன் என்று கேட்டதற்கு, "அதில் ஒன்றுமில்லை" என்றார். ஒன்றுமில்லாததை எவரேனும் தலையணைக்கடியில் வைப்பரோ?

பல மாதங்கள் உழைத்து அவள் ஏடுகளைக் கணினியில் ஏற்றினாள். எது நடந்தபின் எது நடக்கிறது, அப்படி நடப்பது எத்தனை முறை என்று கண்டு சொல்லுமாறு கணினியைப் பணித்தாள். அது கண்டு சொன்னது! வெள்ளிக்குப்பின் சனி வருகிறது. தீபாவளிக்குப்பின் மழை பெய்கிறது. சம்பள நாளுக்குப்பின் கள்ளுக்கடையில் சண்டை நடக்கிறது. மாமரம் பூத்தபின் யாரோ ஒருவர் இறக்கிறார். ஆண்டுக்கொரு முறை மரம் பூக்கும். ஆண்டில் யாரேனும் இறக்கத்தானே செய்வர்? இப்படி ஆயிரக்கணக்கில் வரிசைகள் வந்து குவிந்தன. மணலைக் கேட்டவளுக்கு மலையே வீட்டு வாசலில் கொட்டப்பட்டது போலாயிற்று.

இந்த இடர்ப்பாடு அவளுக்கு மட்டும் நேர்ந்ததன்று. அத்துறையின் பிறப்போடு பிறந்தது. 1995ஆம் ஆண்டில், ஐ.பி.எம். நிறுவனத்தின் அல்மாடன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ராகேஷ் அகர்வால், ராமகிருஷ்ணன் ஸ்ரீகாந்த் என்னும் இருவர், கடைகளில் குவியும் விற்பனைப் பதிவுகளிலிருந்து வரிசைக் கோலங்களைக் கண்டெடுக்கும் வழியொன்றை வெளியிட்டனர். பின்னவர் சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்றவர். ஒரு வாடிக்கையாளர் தொடர்படத்தின் முதற்பாகத்தை எடுத்துச் செல்கிறார். பின்னொரு நாள் இரண்டாம் பாகம். அதற்கும் பின்னர் மூன்றாம் பாகம். இடையில் வேறு பல படங்களை அவர் எடுத்திருக்கலாம்; அதனால் குற்றமில்லை. இந்த முறைவைப்பு எத்தனை வாடிக்கையாளரிடம் காணப்படுகிறது என்பதே கேள்வி.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஒரே மனிதர் அதே வரிசையை நூறு முறை திரும்பச் செய்தாலும் கணக்கில் அது ஒன்றுதான். நூறு மனிதர் ஆளுக்கொரு முறை செய்தால்தான் அது நூறு. அந்த எண்ணிக்கைக்கு 'ஆதரவு' என்று பெயர். குறிப்பிட்ட அளவு ஆதரவு இல்லாத வரிசை கோலமாகக் கொள்ளப்படுவதில்லை. குறுகிய வரிசைக்கே போதிய ஆதரவு இல்லையென்றால், அதை உள்ளடக்கிய நீண்ட வரிசைக்கும் இராது; ஆகவே அதைத் தேட வேண்டியதேயில்லை. எளிய உண்மை. ஆயினும் கணினியின் உழைப்பை அது பெருமளவு குறைத்தது.

மறு ஆண்டே, அதாவது 1996இல், அவ்விருவரும் தம் முறைக்கு மூன்று கட்டுப்பாடுகளைச் சேர்த்தனர். ஒன்று இடைவெளி. முன்னதற்கும் பின்னதற்கும் இடையே இவ்வளவு காலமேனும் இருக்கவேண்டும், இவ்வளவு காலத்துக்கு மேற்படக்கூடாது என்பது. ஒருத்தி இன்று தேங்காய் வாங்கிப் பத்தாண்டு கழித்துத் தேங்காய்த் துருவி வாங்கினால், முன்னதால் பின்னது விளைந்தது என்று எவரும் சொல்லார். மற்றொன்று, சிறிது முன்பின்னாக நடப்பனவற்றை ஒரே நிகழ்ச்சியாகக் கொள்வது. திங்களன்று பானை, செவ்வாயன்று பச்சரிசி, புதனன்று வெல்லம் வாங்கும் குடும்பம் மூன்று காரியம் செய்யவில்லை; பொங்கலுக்குச் சாமான் வாங்குகிறது. இன்னொன்று வகைப்பாடு. ரம்புத்தான், மாங்காய், ஜம்பு என்று தனித்தனியே எண்ணினால் எதற்கும் ஆதரவு தேறாது. பழம் என்று ஒரு பெயரில் அடக்கினால் கோலம் தென்பட்டுவிடும்.

அறிவியலார் இவற்றைக் கண்டறிந்த ஆண்டுகள் புதியனவாயினும், கட்டுப்பாட்டின் பயனை உணர்வதற்குத் தமிழ் பயின்றவர் கலிஃபோர்னியாவரை செல்லவேண்டியதில்லை. வெண்பாவே போதும்.

வெண்பாவில் வரத்தக்க ஈரசைச்சீர் நான்கு, மூவசைக் காய்ச்சீர் நான்கு, ஆக எட்டு. குறள் வெண்பா ஒன்றில் ஈற்றுச்சீர் நீங்கலாக ஆறு சீர்கள். எட்டுச் சீரையும் எப்படி வேண்டுமானாலும் அடுக்கலாம் என்றால், அந்த ஆறு இடங்களை நிரப்பும் வகைகள் 2,62,144. ஆனால் யாப்பு அப்படி விடுவதில்லை. மாச்சீருக்குப் பின் நிரையசை வரவேண்டும். விளச்சீருக்குப் பின்னும் காய்ச்சீருக்குப் பின்னும் நேரசை வரவேண்டும். எட்டுச் சீர்களில் நான்கு நேரில் தொடங்குவன, நான்கு நிரையில் தொடங்குவன. ஆதலால் எந்தச் சீருக்கும் அடுத்து வரத்தக்கவை நான்கே. இப்போது எண்ணிப் பார்த்தால் வகைகள் 8,192. முப்பத்திரண்டில் ஒரு பங்கு! இவ்வளவும் ஒரே ஒரு தளை விதியால் விளைந்தது.

அந்த விதியை எங்கே வைப்பது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. வெண்பா எழுதப் பழகும் மாணவன் ஒருவன் ஆறு சீரையும் மனம்போல் எழுதி முடித்து, பிறகு தளை பார்க்கத் தொடங்குவான். இரண்டாம் சீரில் தளை தட்டியிருக்கும். பின்வந்த நான்கு சீருக்கும் பட்ட பாடு வீண். பழகிய புலவரோ சீரை எழுதும்போதே அடுத்த அசையை அறிந்திருப்பார். தட்டும் வழியில் அவர் அடியெடுத்தே வைப்பதில்லை. கணினிக்கும் இதே இரண்டு வழிகள்தாம். எல்லாவற்றையும் கண்டெடுத்துப் பின்னர் வடிகட்டலாம். அல்லது ஒவ்வோர் அடியிலும் கட்டுப்பாட்டை நுழைத்து, தேறாத கிளையை முளையிலேயே கிள்ளிவிடலாம். 1999இல் கரோஃபலாகிஸ், ரஸ்தோகி, ஷிம் ஆகிய மூவர் யாப்பு விதியைப் போன்றே வரிசையின் வடிவத்தை முன்கூட்டி எழுதிக் கொடுக்கும் முறையை அமைத்தனர். 2002இல் ஜியன் பெய், ஜியாவெய் ஹான், வெய் வாங் ஆகியோர் எவ்வெக் கட்டுப்பாடுகளை இடையில் நுழைக்கலாம் என்று வகைப்படுத்தினர். எல்லாக் கட்டுப்பாடும் கிளையை முளையில் கிள்ள உதவுவதில்லை. 'பத்து நாளுக்குள் முடியவேண்டும்' என்பது ஒருமுறை மீறப்பட்டால் மீறப்பட்டதுதான். 'சராசரி இவ்வளவு இருக்கவேண்டும்' என்பதோ அப்படியன்று. முதல் தேர்வில் சறுக்கிய மாணவன் மூன்றாம் தேர்வில் சராசரியை மீட்டுவிடுவதை எந்தப் பள்ளியில்தான் காணவில்லை?

கட்டுப்பாடு தேடலைச் சுருக்குவதோடு நிற்பதில்லை, பொய்யையும் சுருக்குகிறது. இதற்குத் தோட்டத்து வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. 1901ஆம் ஆண்டில் கிள்ளானில் மருத்துவராகப் பணியாற்றிய மால்கம் வாட்சன், காட்டை அழித்துச் சதுப்பில் வாய்க்கால் வெட்டினால் மலேரியா குறைகிறது என்று கண்டார். கடலோரத் தாழ்நிலத்தில் அது மெய்யாயிற்று. அதையே மலைப்பாங்கான தோட்டங்களில் செய்தபோது காய்ச்சல் குறையவில்லை, மாறாகப் பெருகிற்று. காரணம் பின்னர் விளங்கியது. தாழ்நிலத்துக் கொசு நிழலில் தேங்கிய நீரை நாடுவது. மலைச்சாரல் கொசுவோ, வெயில் படும் தெளிந்த ஓடையை நாடுவது. காடு நின்றவரை ஓடைக்கு நிழல். காடு அழிந்ததும் கொசுவுக்குத் தொட்டில். 'காடழிப்பு, பின்னர் காய்ச்சல்' என்று பொதுப்படக் கணக்கெடுத்தால் ஓரிடத்து நன்மையும் மற்றோரிடத்துத் தீமையும் ஒன்றையொன்று தின்றுவிட்டு, ஒன்றுமே இல்லாததுபோல் தோன்றும். மேடு, பள்ளம் என்னும் ஒரு கட்டுப்பாட்டைச் சேர்த்தால்தான் இரண்டு வரிசைகளும் தனித்தனியே முகம் காட்டும். அந்த முகம் தெரியாத காலத்தில் மலைத்தோட்ட லயங்களில் மாண்ட தமிழர்க்கு யார் கணக்கு வைத்தார்?

இனி 1998ஆம் ஆண்டுக்கு வருவோம்.

அவ்வாண்டு செப்டம்பர் இறுதியில் ஈப்போவை அடுத்த தம்பூன், அம்பாங், உலு பியா வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் மூளைக்காய்ச்சல் தலைகாட்டியது. தஞ்சோங் ரம்புத்தானிலிருந்து அவை சில கல் தொலைவில் உள்ளவை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் நாட்டுக்குப் புதிதன்று. நீர் தேங்கிய இடத்தில் கொசு, பன்றியின் குருதியில் கிருமி, அங்கிருந்து மனிதன். இதுவே அதன் வரிசை. பண்ணையில் கொசு உண்டு, பன்றி உண்டு, மனிதருக்கு மூளை வீக்கமும் உண்டு. நோயுற்ற சிலரது குருதியில் அந்நோயின் அடையாளமும் தென்பட்டது. வேறென்ன வேண்டும்? கொசுமருந்துப் புகை அடிக்கப்பட்டது, தடுப்பூசி போடப்பட்டது. அன்றைய அறிவுக்கு அது நியாயமான செயலே. பின்னால் அறிந்ததை வைத்து முன்னால் நின்றவரைக் குறைகூறுவது எளிது, முறையன்று.

ஆனால் வரிசை இசையவில்லை. வெண்பாவில் தளை தட்டுவதுபோல் பல இடங்களில் தட்டிற்று. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் பிள்ளைகளைப் பற்றுவது. இதுவோ பன்றியோடு பாடுபட்ட வளர்ந்த ஆண்களைத் தாக்கிற்று. அந்நோய் பலர் உடலில் புகுந்தாலும் மிகச் சிலரையே படுக்கையில் தள்ளும். இதுவோ ஒரே வீட்டில், ஒரே பண்ணையில் அடுத்தடுத்து ஆட்களைச் சாய்த்தது. தடுப்பூசி போட்டுக்கொண்டவர்க்கும் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, மனிதருக்கு முன் பன்றிகள் நோயுற்றன. நெடுந்தொலைவு கேட்கும் கரகரத்த இருமல். நாய் குரைப்பது போன்ற ஒலி. ஜப்பானிய நோயில் பன்றி இப்படி இருமுவதில்லை. நோய்ப்பட்ட மனிதரில் பெரும்பாலோர் காய்ச்சல் தொடங்குவதற்கு முந்திய இரண்டு வாரத்துள் பன்றிகளுடன் நெருங்கிப் பழகியவர்கள் என்று பின்னர்த் தெரியவந்தது. முன்னது எது, பின்னது எது, இடைவெளி எவ்வளவு? இந்த மூன்றையும் சேர்த்துக் கேட்டபோதுதான் கொசு விலகிப் பன்றி முன்வந்தது.

பன்றிகள் விற்கப்பட்டுத் தெற்கே சென்றன. அவற்றைத் தொடர்ந்து நோயும் நெகிரி செம்பிலானில் சிக்காமாட்டுக்கும் புக்கிட் பெலாண்டோக்குக்கும் சென்றது. 1999 மார்ச்சில் சிங்கப்பூர் இறைச்சிக்கூடத் தொழிலாளர் பதினொருவர் நோயுற்று ஒருவர் இறந்தார். அவர்கள் அறுத்தவை மலேசியாவிலிருந்து சென்ற பன்றிகள். அதே மாதத்தில் மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் சுவா கா பிங் நோயாளி ஒருவரிடமிருந்து பெற்ற நீரில் புதிய கிருமியைக் கண்டெடுத்தார். அந்த நோயாளியின் ஊரான சுங்கை நிப்பாவின் பெயரே கிருமிக்கும் நிலைத்தது. ஆஸ்திரேலியாவில் 1994இல் குதிரைகளைக் கொன்ற ஹெண்ட்ரா கிருமியின் உறவு அது. மலேசியாவில் நோயுற்றோர் 265 பேர். இறந்தோர் 105 பேர். பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. பண்ணை முதலாளிகளில் பெரும்பாலோர் சீனர். வேலையாட்களில் தமிழரும் இருந்தனர்.

வரிசை அங்கேயும் முடியவில்லை. பன்றிக்கு முன் யார்? பழந்தின்னி வௌவால். பண்ணையை ஒட்டி மாமரங்கள். வௌவால் கடித்துப் போட்ட பழம் பன்றியின் வாய்க்குப் போயிற்று. ஆனால் வௌவாலும் பழமும் பன்றியும் நெடுங்காலமாக இருப்பவையாயிற்றே. அப்போது மட்டும் ஏன்? ஈப்போவருகே நோய் தோன்றிய பெரும்பண்ணையின் பழைய பதிவேடுகளைக் கொண்டு ஜூலியட் புல்லியமும் அவர் குழுவினரும் ஆராய்ந்து 2012இல் வெளியிட்ட விடை வியப்பானது. கிருமி ஒருமுறை வந்தால் மந்தையெங்கும் பற்றியெரிந்து, பிழைத்த பன்றிகள் எதிர்ப்பாற்றல் பெற்றதும் தானே அணைந்துவிடும். அணைந்தபின், பாதி எதிர்ப்பாற்றலோடு மந்தை இருக்கும் காலத்தில் இரண்டாம் முறை வந்தால், பெருந்தீயாக எரியாமல் உமியில் இட்ட நெருப்பாய்ப் புதிது புதிதாகப் பிறக்கும் குட்டிகளைப் பற்றிக்கொண்டு நெடுநாள் நின்றுவிடும். ஆக, ஒருமுறை வந்தது போதாது. இரண்டு முறை, உரிய இடைவெளியில் வரவேண்டும். பண்ணைக்காரர் விற்பனைக்கும் தீவனத்துக்குமாக எழுதிவைத்த கணக்கு, எழுதியவர் கனவிலும் நினையாத கேள்விக்கு விடை சொல்லிற்று.

இவற்றையெல்லாம் வகுப்பில் கேட்டுவந்த பேத்தி, விடுமுறையில் வீடு திரும்பிய இரவு தாத்தாவிடம் விவரித்தாள். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு எழுந்து சென்று தலையணைக்கடியிலிருந்த ஏட்டை எடுத்துவந்து அவள் மடியில் வைத்தார்.

ஏட்டின் இறுதிப் பகுதியில் அவருடைய தம்பி மகனைப் பற்றிய குறிப்புகள் இருந்தன. தோட்ட வேலை போனபின் பன்றிப் பண்ணையொன்றில் கூலியாளாகச் சேர்ந்தவன் அவன். மாலைதோறும் பெரியப்பாவைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான். நவம்பர் 24: "பன்றிகள் நாய்போல் இருமுகின்றனவாம். மழை அரை அங்குலம்." நவம்பர் 27: "பண்ணையில் கொசுமருந்துப் புகை." நவம்பர் 30: "இரண்டாம் ஊசி போட்டுக்கொண்டான். கவலை விட்டது." டிசம்பர் 6: "காய்ச்சல், தலைவலி என்று படுத்திருக்கிறான்." டிசம்பர் 8: "மருத்துவமனை. என்னை அடையாளம் தெரியவில்லை." டிசம்பர் 12க்குரிய பக்கத்தில் மழையளவு மட்டும் எழுதப்பட்டிருந்தது.

"ஊசி போட்டதுக்குப் பிறகும் அவனுக்குப் பயம் போகலை, அம்மா. 'பெரியப்பா, நின்னுக்கட்டுமா'ன்னு கேட்டான். ஊசிதான் போட்டாச்சே, பிள்ளைகுட்டிக்காரன், வேலையை விடாதேன்னு நான்தான் சொன்னேன். அதை மட்டும் எழுதலை." முதியவர் ஏட்டைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எல்லாம் என் கையாலே வரிசையா எழுதி வைச்சிருக்கேன். இருமல் முதல்லே, காய்ச்சல் பின்னாலே. எழுதினவனுக்கே தெரியலையே."

பேத்தி தான் கற்றதைக் கொண்டு அவரைத் தேற்ற முயன்றாள். "தாத்தா, இது ஒரே ஒரு வீட்டு வரிசை. ஆதரவு ஒன்றுதான். பன்றி இருமின மறுநாள் நீங்க சந்தைக்குப் போனதும் எழுதியிருக்கு, நாய் குட்டி போட்டதும் எழுதியிருக்கு. இதை மட்டும் வைச்சு எந்தக் கணினியும் எதையும் சொல்லியிருக்காது. உங்களாலேயும் முடிஞ்சிருக்காது."

அவள் சொன்னது முழு உண்மை. ஆனால் கிராணிக்கு அது ஆறுதலாக இல்லை, கேள்வியாயிற்று.

"அப்போ எத்தனை வீடு வேணும்?"

"அது நாம வைக்கிற அளவைப் பொறுத்தது, தாத்தா."

அவர் விரல்களை மடக்கி எண்ணத் தொடங்கினார். அதே பண்ணையில் தீவனம் அள்ளிய ஒருவன் வீடு. பன்றி ஏற்றிச் சென்ற லோரி ஓட்டுநர் வீடு. பக்கத்துப் பண்ணைச் சீன முதலாளியின் மூத்த மகன் வீடு. கொட்டகை கழுவிய ஒருவர் வீடு. சாவு வீட்டுக்கு இவர் சென்று நின்ற இன்னொரு வீடு. தம்பி மகன் வீட்டோடு சேர்த்து ஆறு. "ஆறு வீட்டிலே நான் ஒருத்தன்தான் எழுதிவைச்சேன்" என்றார்.

பிறகு அவர் பேத்தியைக் கணினியைத் திறக்கச் சொன்னார். மற்ற ஐந்து வீட்டிலும் பன்றி எப்போது இருமிற்று, ஆள் எப்போது படுத்தான் என்பதை நினைவிலிருந்து சொல்லத் தொடங்கினார். தேதி நினைவில் இல்லாத இடத்தில், அடுத்துவந்த கோயில் விசேடம், பள்ளி திறந்த நாள், நோன்புப் பெருநாள் என்று ஒன்றைப் பற்றிக்கொண்டு பின்னோக்கி நடந்து நாளைக் கண்டுபிடித்தார். 1998இன் ஏடு அதற்கு உதவிற்று. பேத்தி தட்டச்சு செய்தாள். லோரி ஓட்டுநர் வீட்டுக்கு நாள் கிடைத்தது. தீவனக்காரன் வீட்டுக்குக் கிடைத்தது. சீன முதலாளி மகனுக்கும் கிடைத்தது. மற்ற இரண்டு வீடுகளுக்கு எவ்வளவு முயன்றும் எது முன், எது பின் என்று அவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

"இருமல்தானே முன்னாலே வந்திருக்கணும், தாத்தா? அப்படியே போட்டுடவா?" என்று பேத்தி கேட்டாள். மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. அவளுக்கும் தூக்கம் வந்திருக்க வேண்டும்.

கிராணி நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் பார்க்காததைப் போடாதே, அம்மா" என்றார்.

அந்த இரண்டு வரிகளும் இன்றும் வெறுமையாகவே இருக்கின்றன.